தவமலரும் அவரும்

ஒருவரின் பெயரை வாயால் சொல்லாமலே அவரோடு ஒரு வாழ்நாளை ஓட்டிவிட முடியுமா? அச்சுவேலித் தவமலரைப் பார்த்தால், முடியும் போலத்தான் தெரிந்தது.

அவளுடைய கணவரின் பெயர் கதிரவேலு. கலியாணம் முடித்த ஆண்டே லண்டனுக்குப் போனவர். அகதி வழக்கு ஆண்டுக்கணக்காக இழுபட, திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே இருந்துவிட்டார். சேர்ந்திருந்த கொஞ்ச மாதங்களில் அவள் அவரை 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிட்டாள். பிறரிடம் பேசும்போது 'இவர்' என்றாள். போன பிறகு 'இவர்' 'அவர்' ஆனார். வேறு மாற்றம் இல்லை.

அவளுடைய ஊரில் கணவரின் பெயர் சொல்லாத பெண்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தவமலர் அதைக் கூடுதல் தூரம் கொண்டுபோனவள். மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால், கூட வந்தவளின் கையைச் சுரண்டுவாள். பெயரை அவள் சொல்ல, நட்சத்திரத்தை மட்டும் இவள் சொல்வாள். முருகன் தேரில் ஊரே 'வேல் வேல்' என்னும்போது வாய் மூடியிருக்கும், 'அரோகரா'வுக்குத் திறக்கும். இதைப் பணிவு என்று சொல்லிவிடலாம். பழக்கம் என்பது உண்மைக்கு இன்னும் கிட்டவாக இருக்கும்.

கடைசியில் அவருக்கு அங்கே வதிவிட உரிமை கிடைத்தது. மனைவியைக் கூப்பிடலாம். ஆனால் அதற்கு அவள் கொழும்புக்குப் போய் ஆங்கிலப் பேச்சுப் பரீட்சை ஒன்றில் சித்தியடைய வேண்டும். அதனால் அவள் தோட்டத்து வேலையை முடித்துவிட்டு, பஸ் மாறி, பலாலி வீதியால், குடாநாட்டுக்குள்ளேயே இருக்கும் திருநெல்வேலிக்கு வரத் தொடங்கினாள். அங்கே ஒரு கடையின் மேல்மாடியில், கணவரிடம் போகக் காத்திருக்கும் பெண்களுக்கு மிரியம் என்பவள் வகுப்பு நடத்தினாள். மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். தவமலரைவிட வயதில் குறைந்தவள்.

முதல் பாடமே பெயர்ச்சொல்லும் அதற்குப் பதிலாக வரும் சொல்லும்தான்.

"முதல்லை ஆளின்ரை பேர் வரவேணும். பிறகுதான் 'ஹீ'," என்றாள் மிரியம். "பேர் சொல்லாமல் 'ஹீ' எண்டால் கேக்கிறவைக்கு ஆரெண்டு தெரியாது."

"எனக்குத் தெரியுமெல்லோ, ரீச்சர்."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன அக்கா, வெள்ளைக்காரனுக்குத் தெரிய வேண்டாமே?"

தவமலர் கொஞ்சம் யோசித்தாள். "இந்த 'ஹீ' எண்டுறது அவனோ, அவரோ?"

"ரெண்டும்தான்."

"அப்ப மீன்காரப் பெடியனுக்கும் எங்கடை அவருக்கும் ஒரே சொல்லோ?"

"கடவுளுக்கும் அதுதான் அக்கா," என்று பின்வரிசை வாங்கிலிருந்து கஜானி கத்தினாள். புதிதாகக் கலியாணம் முடித்தவள். வகுப்பு சிரித்தது. மிரியமின் போன் அடித்தது. "டிலக்ஷன், அடுப்பிலை பருப்பு கிடக்கு, நிப்பாட்டிவிடும்," என்று கணவரிடம் சொல்லிவிட்டு வைத்தாள். பெயர் அவ்வளவு சுளுவாக வந்து விழுந்ததைத் தவமலர் வாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொழும்பில் அவள் முதல்முறை தோற்றாள். உன் கணவரின் பெயர் என்ன என்று கேட்டார்கள். ஹீ என் கணவர், ஹீ லண்டனில், ஹீ நல்லவர் என்று ஆங்கிலத்தில் ஒப்புவித்தாள். திரும்பவும் பெயரைக் கேட்டபோது வாய் கட்டிவிட்டது. அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் பதில் வரவில்லை.

"உப்பிடியே இருந்தால் கிழவியாகித்தான் போய்ச் சேருவியள்," என்றாள் கஜானி.

மிரியம் சிரிக்கவில்லை. "ஒருதரும் இல்லாத இடத்திலை சொல்லிப் பழகுங்கோ அக்கா. முதல்லை உங்கடை காதுக்குக் கேக்கட்டும்."

வீட்டுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டம். விடியலில் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிவிடப் போகும்போது அவள் தொடங்கினாள். முதலில் உதடு மட்டும் அசைந்தது. சில நாளில் ஒலி வந்தது. கதிரவேலு. செம்மண் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, வெங்காயத் தாள்களின் மேல் பனி மெல்லக் கலைந்தது, எதுவும் நடக்கவில்லை. அவள் திரும்பவும் சொன்னாள். பாத்திக்குப் பாத்தி மண்வெட்டியால் வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பும்போதெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அது பெயராக இல்லாமல் வெறும் ஓசையானது; தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கேட்கும் தூரத்துக் கோயில் மணி மாதிரி.

பிறகு அந்த ஓசைக்குள் ஓர் ஆள் வந்து நின்றார். தலை வழுக்கை விழுந்து, தடித்த குளிர்ச்சட்டை போட்டு, போன் திரையில் இருமி இருமிப் பேசுபவர். கதிரவேலு என்றால் அந்த மனிதர்தான். அவள் இத்தனை காலமும் 'அவர்' என்றது வேறொன்றை: வாசல் படலையில் சைக்கிள் சாத்தும் சத்தம், கொடியில் காயும் ஈரத் துவாய், விளக்கு வைக்கிற நேரம் முற்றத்தில் விழுகிற ஒரு நிழல். அந்த 'அவரோடு'தான் அவள் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அவருக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை, வயதும் போகவில்லை. பெயர் ஒரு மனிதனைச் சுட்டுகிறது என்று படிக்கிறோம். அது ஒருவரை விலக்கியும் வைக்கும் என்பதை அந்தத் தோட்டத்தில் யார் அவளுக்குச் சொல்லியிருக்க முடியும்? தண்ணீர் கடைசிப் பாத்தியையும் நிரப்பி வரம்பால் வழிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இரண்டாம் முறை கொழும்பில் கேட்டவுடன் சொன்னாள். முழுதாக, தெளிவாக. சித்தி.

செய்தி வந்த அன்று கஜானி அவளைக் கட்டிப்பிடித்துக் கூத்தாடினாள். "அக்கா லண்டன்காரி ஆகிட்டா! எங்களை மறந்திடாதேங்கோ!" மிரியம் தேத்தண்ணியும் வடையும் எடுப்பித்தாள். வகுப்பு முடிந்து திருநெல்வேலிச் சந்தையடியில் பஸ்ஸுக்கு நின்றபோது லண்டனிலிருந்து கணவர் போன் எடுத்தார்.

"இனி ஒரு தடையும் இல்லை. விசாவுக்கு இண்டைக்கே போடுறன். என்ன, சந்தோசமே?"

"ஓம்."

"குளிருக்குச் சட்டை ஒண்டும் வாங்காதையும். இஞ்சை வாங்கலாம். சந்தையிரைச்சல் கேக்குது, நான் கதைக்கிறது விளங்குதே?"

"விளங்குது."

"அப்ப போடட்டே?"

பலாலி வீதியில் மழை மெல்லத் தொடங்கியிருந்தது. தவமலர் போனைக் காதோடு இன்னும் அணைத்துக்கொண்டாள்.

"போட வேண்டாம்," என்றாள். "நான் வரேல்லை, கதிரவேலு."