மூலை வீட்டு சிலிண்டர்

அப்பா வீடுகளுக்கு கேஸ் சிலிண்டர் போடுபவர். எந்த வீட்டிலும் இறக்கிவைத்த கையோடு திரும்ப மாட்டார். மூடியைக் கழற்றி, வால்வுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு குவளைத் தண்ணீர் வாங்கி, வால்வின் வாயில் சொட்டு விடுவார். குமிழி வராவிட்டால்தான் கிளம்புவார்.

எங்கள் தெரு மூலை வீட்டில் மட்டும் அது கிடையாது. அங்கே யாரும் வெளியே வந்து நாங்கள் பார்த்ததில்லை. ஜன்னல்கள் சாத்தியே கிடக்கும். தெருவில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன நான், கதைகளில் மூடிய வீடு என்றால் மனிதனின் அச்சத்துக்குக் குறியீடு என்று அப்பாவுக்கு விளக்கினேன்.

"அப்ப அந்த பயம் எனக்கு மட்டும் இல்ல," என்று அவர் நிம்மதியானார். வழக்கம்போல கேட்டுக்கு உள்ளே சிலிண்டரை வைத்துவிட்டு, காலியானதை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கிடங்கிலிருந்து போன். காலை லோடில் சில சிலிண்டர்களில் வாஷர் இல்லையாம்.

"நான் போட்டதெல்லாம் பாத்துதான்..." என்றவரின் கை சோற்றோடு நின்றது. "மூலை வீடு."

ஓடினோம். கேட்டைத் தாண்டியதுமே கேஸ் நெடி. என் விரல் அழைப்பு மணிக்குப் போனது. அப்பா தட்டிவிட்டார். "பொறி பறக்கும்டா. படிச்சவன்தானே நீ."

கதவை உள்ளங்கையால் அறைந்தார்.

"யாரு?" ஒரு பெண் குரல்.

"சிலிண்டர்காரன்மா. அடுப்பப் பத்தவெக்காதீங்க. சுவிட்சத் தொடாதீங்க. கதவத் திறங்க."

"வெளியவே வெச்சிட்டுப் போங்க."

"வெச்சிட்டுப் போனதுதான்மா தப்பு."

தீக்குச்சி உரசும் ஒலி கேட்டுவிடுமோ என்று கதவில் காதை வைத்தேன்.

தாழ்ப்பாள் விலகியது. ஜலதோஷத்தில் மூக்கு சிவந்த ஓர் அம்மாள். கையில் தீப்பெட்டி. அப்பா அதை வாங்கி என்னிடம் திணித்துவிட்டு உள்ளே போனார். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியை மாட்டி, சிலிண்டரை வெளியே கொண்டுவந்தார். பிறகு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தார். துருப்பிடித்த கொக்கிகள் முனகின.

"இத்தன வருஷமா ஏன் உள்ள வரவே இல்ல?" என்று அம்மாள் கேட்டார். "மத்த வீட்டுக்கெல்லாம் போறீங்களே. ஜன்னல் இடுக்கு வழியா பாப்பேன்."

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் தீப்பெட்டியைப் பார்த்தேன்.

தெருவில் கூட்டம் கூடியிருந்தது. "உள்ள என்னய்யா இருந்துச்சு?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"அடுப்பு," என்றார் அப்பா.

மாலையில் வேறு சிலிண்டரோடு போனார். கேட்டில் நிற்கவில்லை. சமையலறைவரை தூக்கிப்போய் இறக்கி, "ஒரு குவளை தண்ணி குடுங்கம்மா," என்றார். அம்மாளும் பக்கத்தில் குனிந்து, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.