இடது தோளில் ஒரு திமில்

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்குத் தோளில் சதை தடித்து மேடு கட்டும். எங்கள் கூட்டத்தில் அதற்குத் திமில் என்று பெயர். திமில் வந்தவன்தான் முழு ஆள். மேஸ்திரி அப்புறம் அவனை 'டேய்' போட்டுக் கூப்பிட மாட்டார். எனக்கு அது வரவே இல்லை. பள்ளிக்கூடம் மாதிரி இதிலும் நான் பாதியிலேயே நின்றவன்.

என் தோஸ்துக்கோ மீசை சரியாக முளைக்கும் முன்பே வந்துவிட்டது. எலுமிச்சை அளவில் தொடங்கிச் சில மாதத்தில் மாங்காய் அளவு ஆனது. ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்து மெச்சினார்கள். மேஸ்திரி டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் கேலியாகத்தான் கேட்டேன். "மாமு, மூட்டைய வலது தோள்ல ஏத்திக்கினு போற. திமிலு இன்னாத்துக்கு இடது பக்கம் கீது? அட்ரஸ் தப்பி வந்துச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு தோளைத் தடவிப் பார்த்தான், சிரிப்பு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டியை அமுக்கி, "வலிக்குதா?" என்றார்.

"இல்ல சார்."

"வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

துளி சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களையும் அவன் அம்மாவையும் உட்காரச் சொன்னார். "சதையிலேயே முளைச்ச புற்று. சின்ன வயசுப் பசங்களுக்கு எப்பவாவதுதான் வரும். கையைத் தோளோட எடுக்கணும். விட்டா நெஞ்சுல இறங்கிடும்."

அவன் அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு, "கல்யாணம் ஆவாத புள்ள சார்" என்றாள்.

"வுடும்மா. நெஞ்சு போச்சின்னா இந்தக் கைய வெச்சிகினு இன்னா பண்றது?" என்றான் அவன்.

எடுத்தார்கள். எழுந்து நடந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்தான். விழுந்துவிடுவானோ என்று பக்கத்திலேயே நடந்தேன். "இன்னாடா, புதுப் பொண்டாட்டி மாதிரி ஒட்டிகினு வர்ற?" என்று என்னையே கிண்டல் செய்தான்.

சில மாதம் கழித்து நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இப்போதைக்குச் சுத்தமா இருக்கு. மூணு மாசம் கழிச்சு மறுபடி வா."

வெளியே வந்ததும் கேட்டான். "இப்போதைக்குன்னா இன்னாடா அர்த்தம்?"

கேலி பேசாமல் சொன்னேன். "அடுத்த படம் வரிக்கும்னு அர்த்தம்."

நடையை எட்டிப் போட்டான். பிறகு, "சீக்கிரம் வா. அம்மா துன்னாம வாசல்லயே குந்திகினு கீது" என்றான். தெருமுனை வந்ததும் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"சுத்தமா கீதுன்னு மட்டும் சொல்லு. அந்த 'இப்போதைக்கு'வ உளறிடாத."