இணையதளத்துக்குள் எழுதி வைத்த என் நம்பர்

ஐந்தாவது வரை படித்து, மூன்று கரும்பு வெட்டும் இயந்திரம் வாங்கியவன் நான். வாடகைப் பதிவுக்கு பி.எச்.பி. என்ற கணினி மொழியில் இணையதளம் எழுதிய கவிதா, "யாராச்சும் பதிஞ்சா டிரைவருக்கு மெசேஜ் அனுப்ப புரோகிராம்ல ஆப்ஜெக்ட்னு ஒரு துண்டு இருக்கு. அது உருவாகும்போதே, கண்டெய்னர்னு இன்னொண்ணு அந்தந்த டிரைவர் நம்பரை அதுக்குக் குடுத்துடும்ங்க" என்றாள்.

"எனக்குத் தெரியாம மெஷின் எப்டிப் போவும்? என் நம்பரையே உள்ள எழுதிடும்மா" என்றேன்.

கரியாலூர் மலையில் சிக்னல் இல்லாமல் நான் இருந்த இரண்டு நாளில், மூங்கில்துறைப்பட்டு விவசாயி ஒருவர் பதிந்திருக்கிறார். மெசேஜ் என் நம்பருக்கு மட்டுமே வந்ததால் டிரைவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை ஆலை குறித்துக் கொடுத்த வெட்டு நாள் தவறிப்போனது.

"வூட்ல காத்துக்கினு இருந்தேங்க. கரும்பு காயுது" என்றார், கோபமே இல்லாமல். அதுதான் குத்தியது.

கவிதா என் நம்பரை எடுத்துவிட்டு, கண்டெய்னர் வழியாக டிரைவர் நம்பரைக் கொடுத்தாள். அந்த விவசாயி மறுபடி பதிந்ததும் மெசேஜ் நேரே டிரைவருக்குப் போய், இயந்திரம் என்னைக் கேட்காமலே வயலுக்குப் போனது. என் போன் அடிக்கவில்லை. நான் இல்லாமலும் வேலை நடப்பது சந்தோஷம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.