சக்கரமில்லாத பெட்டிகளின் விலை

பயணப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப் பார்த்தவருக்குப் 'பாதி சார்' என்று பெயர். யார் வைத்தார்களோ, பொருத்தமான பெயர்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாக்குக்கட்டியோடு கிடங்குக்குள் நுழைவார். விற்காமல் தூசி படிந்த பெட்டிகளின் மேல் பெருக்கல் குறி போடுவார். குறி விழுந்ததெல்லாம் அன்றைக்கே கணக்கில் பாதி விலை. ஒரு கடைக்காரர் இரண்டு தடவை போனை எடுக்கவில்லையா, அந்தப் பாக்கி வராது என்று எழுதிவிடுவார். வரப்போகிற லாபத்தையோ, கைக்கு வந்து சேரும்வரை ஒரு வரிகூட எழுத மாட்டார்.

கம்பெனி கொழித்த காலத்தில் முதலாளிக்கு இந்தக் குணம் வெல்லமாக இனித்தது. லாபம் குறைவாகத் தெரிந்தால் வரி குறையும். பங்கு கேட்டு வரும் தம்பியும் வாயை மூடிக்கொண்டு போவார். "இன்னும் கொஞ்சம் குறைச்சுத்தான் எழுதுங்களேன்" என்று முதலாளி தோளில் தட்டுவார். பாதி சாருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் பயந்து எழுதியது சரக்கைப் பார்த்து. இந்த மனுஷனுக்கு அது தம்பியை ஏய்க்கும் வழி!

பிறகு ஊரே சக்கரம் வைத்த பெட்டிக்கு மாறியது. முதலாளி மட்டும் மாறவில்லை. "சக்கரம் எதுக்குய்யா? ஜனங்களுக்குக் கை இல்லையா?" என்று மூன்று வருஷம் இதையே பேசினார். ஆயிரத்து நூறு பெட்டிகள் கிடங்கில் கூரையை முட்டி நின்றன. ஐம்பத்திரண்டு பேருக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை. கடன் தவணையும் நின்றுபோக, ஆண்டுக் கணக்கோடு பேச வேண்டும் என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது.

அப்போதுதான் முதலாளிக்கு ஞானம் பிறந்தது.

"இந்தத் தடவை பாதி கீதி ஒண்ணும் வேணாம். முழு விலையும் போடுங்க."

"அதுல ஒண்ணுகூட போணியாகாதுங்க."

"இத்தனை வருஷம் நான் சொன்னபடி எழுதினீங்கல்ல?"

"சரக்கு எப்படி இருந்துச்சோ அப்படி எழுதினேன். அது உங்களுக்கும் வசதியா இருந்துச்சு, அவ்வளவுதான்."

"நஷ்டத்தைப் பார்த்தா பேங்க்காரன் பூட்டுப் போட்டுட்டுப் போயிடுவான். கீழ இருக்கிற அம்பத்திரண்டு பேர் வயித்துல அடிக்கப்போறது நீங்கதான், பார்த்துக்குங்க."

அங்கேதான் பாதி சார் விழுந்தார். தினமும் மாடிப்படி ஏறும்போது, பெட்டிக்குக் கைப்பிடி பொருத்தும் அம்மா ஒருத்தி "ஏதாவது தெரிஞ்சுதா சார்?" என்று கேட்பாள். அந்த முகம் கண்முன் வந்து நின்றது. கிடங்குப் பக்கமே போகாமல் உட்கார்ந்து, ஆயிரத்து நூறுக்கும் முழு விலை போட்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

அடுத்த வாரம் ஒரு காலையில் வங்கி அதிகாரி வந்தார். பத்து வருஷக் கணக்கையும் மேசையில் பரப்பினார்.

"நல்லா ஓடின வருஷமெல்லாம் பாதி விலை. ஓடாத இந்த வருஷம் மட்டும் முழு விலை. எப்படிங்க?"

"மார்க்கெட் திரும்புதுல்ல!" என்றார் முதலாளி.

அதிகாரி கோப்புகளைக் கட்டிக்கொண்டு எழுந்தார். பாதி சார் வாசல்வரை பின்னாலேயே ஓடினார்.

"சார், நான் பாதியே போட்டிருந்தா?"

"ஒரு வருஷம் தவணையைத் தள்ளி வச்சிருப்போம். நஷ்டம்னு தெரிஞ்சுதானே வந்தோம்? இங்க எழுதுறவர் கெட்டதை ஒளிக்க மாட்டார்னு மேலிடத்துல நான்தான் சொல்லி வச்சிருந்தேன்." அவர் குரலில் சலிப்பு இருந்தது. "இப்ப இதுல எதைங்க நம்புறது?"

கார் கிளம்பிப் போனது. அடச்சே, இந்த ஒரு தடவைதானா வளைய வேண்டும் என்று பாதி சார் தன்னையே திட்டிக்கொண்டார். மாடிப்படியடியில் அந்த அம்மா காத்திருந்தாள்.

"சம்பளம் கிடைச்சிருமா சார்?"

"கிடைக்காதும்மா. கம்பெனியை மூடிருவாங்க. என்னாலதான்."

அவள் சிரித்துவிட்டாள். "நீங்க எதைத்தான் நல்லபடியா சொல்லியிருக்கீங்க! எல்லாத்தையும் பாதியாத்தானே சொல்வீங்க!" என்று சொல்லிக்கொண்டே, பணம் வரப்போகிறது என்று மற்றவர்களிடம் சொல்ல உள்ளே ஓடினாள்.