டக்கோட்டாவுக்குப் பன்னிரண்டு நிமிடம்

என் கணவர் பதினான்கு மாதம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஏணியில் ஏறி வயரைத் தொட்டபோது கரண்ட் அடித்து, கீழே விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது. லைனை அணைத்தாகிவிட்டது என்று அங்கே இருந்த ஒருவன் போய்ப் பார்க்காமலே ரிஜிஸ்டரில் எழுதியிருந்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு, கம்பு ஊன்றித் தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர்தான் நடக்கவில்லை. பசுமலையில் எங்கள் தெருவில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் “கால் எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து வாசற்படியோடு நின்றுகொண்டார். சாப்பாட்டையும் நானாகத் தட்டில் போட்டு முன்னால் வைக்க வேண்டும். பாதியில் கை கழுவிவிடுவார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். என் தம்பி துபாய்க்குப் போகும்போது ஒரு கம்ப்யூட்டரை எங்கள் வீட்டில் விட்டுப்போயிருந்தான். அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. அதை ஓட்டிப் பழகி, டெலிபோன் வயர் வழியாக வரும் இன்டர்நெட்டில் துழாவி, இவர் ஒரு விமானக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். விமானம் இல்லாத கம்பெனி. பல தேசத்து ஆட்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் திரையில், கால அட்டவணைப்படி பழைய காத்தாடி விமானங்களை ஓட்டுவார்கள். லேட்டானால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு இதைக் கேட்டதும் எரிச்சல்தான் வந்தது. இருக்கிற கம்பெனியில் வேலை போயிற்று, இல்லாத கம்பெனியில் லேட்டுக்குப் பதில் சொல்கிறாரே என்று மாமியாரிடம் சொல்லிப் புலம்பினேன்.

ஒரு நாள் அந்தக் கம்பெனியிலிருந்து நாற்பத்திரண்டு கேள்விகள் வந்தன. திரையிலேயே மதுரைக்கு டக்கோட்டா என்ற அந்தக் காலத்து இரட்டை எஞ்சின் விமானம் விடப்போகிறார்கள். விமானத்தோடு வந்த புத்தகத்தில் இருக்கும் எண்கள் வேண்டாம், அந்த ஊர் வெயிலில் அந்த விமானத்தின் பக்கத்தில் நின்றவர்கள் சொல்லும் எண்கள்தான் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை இவர் மடித்து வைப்பதும் பிரித்துப் பார்ப்பதுமாக இரண்டு நாள் இருந்தார். கேட்கத்தான் ஆசை, வெளியே போக மனசில்லை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. கொடுங்கள், நான் போய்க் கேட்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

ஏர்போர்ட் பக்கம் பெருங்குடியில் வீடு வீடாக விசாரித்து, வாலிபத்தில் டக்கோட்டா எஞ்சின் பார்த்த மெக்கானிக் ஒருவரைப் பிடித்தேன். எஞ்சின் சத்தத்திலேயே இருந்து அவருக்குக் காது மந்தம். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் என் தொண்டை அங்கேதான் உருப்படியாகப் பயன்பட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை கத்திக் கத்திக் கேட்டேன்.

“ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி காத்தாடியக் கையாலயே தள்ளிச் சுத்தணும்மா. ராத்திரி நின்ன வண்டியில அடி சிலிண்டர்ல ஆயில் எறங்கிக் கெடக்கும். சுத்தாமக் கெளப்புனா எஞ்சின் போச்சு. காத்தாடி ரெக்கை பதினஞ்சு தாண்டுற வரைக்கும் எண்ணுவோம். அம்புட்டு பாரமா இருக்கும், தோள்பட்டை கழண்டு போகும்.”

இதை வீட்டில் வந்து நான் வாசித்தபோது இவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கம்பை ஓரமாகச் சாய்த்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி, ஒரு கையால் இல்லாத காத்தாடியைத் தள்ளிப் பார்த்தார். “பதினஞ்சா?” என்று கேட்டார். அந்த முகத்தை நான் கண்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அன்றைக்கு இரவு நான் ரகசியமாக அழுதேன்.

நாற்பத்தொரு கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் கேட்க மறந்துபோனேன். மத்தியான வெயிலில், எஞ்சினைக் கிளப்பியபின் அது சூடாகிப் பறக்கத் தயாராவதற்கு எவ்வளவு நேரம்? திரும்பப் போனால் வீட்டில் பூட்டுத் தொங்கியது. மகள் வீட்டோடு இருக்க எழுமலைக்குப் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொல்லி, விலாசமும் எழுதிக் கொடுத்தார்கள். எழுமலைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். எனக்கோ அரையாண்டுத் தேர்வுத் தாள் மலையாகக் குவிந்து கிடந்தது. பழைய அடுப்பு எப்படி மெதுவாகச் சூடேறும், பழைய எஞ்சினும் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்து, பன்னிரண்டு நிமிடம் என்று நானே எழுதிவிட்டேன். மெக்கானிக் எழுமலைக்குப் போய்விட்டார் என்று மட்டும் இவரிடம் சொன்னேன். விடை சரியாக இருந்தாலும் வழிமுறை எழுதாவிட்டால் முட்டை போடுகிற டீச்சர் நான். அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

இவர் எல்லாவற்றையும் கம்பெனிக்கு அனுப்பிவைத்தார். பத்து நாளில் பதில் வந்தது. வேறொரு தேசத்தில் நிஜமாகவே டக்கோட்டா ஓட்டி ஓய்வுபெற்று, இந்தக் கம்பெனியில் சேர்ந்திருந்த ஒருவர் அதை எழுதியிருந்தார். நாற்பத்தொரு பதிலும் அருமை, எஞ்சின் சூடாகும் நேரம் மட்டும் சந்தேகமாக இருக்கிறது, சொன்னவரிடமே இன்னொரு முறை கேளுங்கள், அதன் பிறகு மதுரைக்கு விமானத்தைத் தொடங்கலாம் என்றிருந்தது. இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “என் மனைவி கணக்கு ஆசிரியை, அவள் கொண்டுவந்த எண் தவறாது” என்று உடனே பதில் தட்டினார். அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அவரு எழுமலையிலதானே இருக்காரு? ஞாயித்துக்கிழம நானே போய்க் கேக்குறேன். நீயும் வா.”

உண்மையைச் சொன்னால் மனிதர் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். சொல்லாவிட்டால் எழுமலையில் போய் அகப்பட்டுக்கொள்வேன். சரி, அங்கே போய் மானம் போகட்டும், இவர் படியிறங்கினால் போதும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை படியிறங்கினார். தெருமுனையில் ஒருவர் காலைப் பற்றிக் கேட்டதற்கு, “எழுமலை வரைக்கும் போறேன்ல, பாத்துக்கங்க” என்றார். ஆரப்பாளையத்தில் ஏறி உசிலம்பட்டியில் இறங்கினோம். பஸ் மாற நின்ற இடத்தில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இவர் அதற்குள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் காத்தாடியை எப்படிக் கையால் தள்ளுவது என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மகள் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் மெக்கானிக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். இவர் நோட்டைப் பிரித்து, குனிந்து, அவர் காதருகே கத்தினார்.

“மத்தியானத்துல எஞ்சின் சூடாகப் பன்னெண்டு நிமிஷம்னு சொன்னீங்களாம். சரிதானுங்களா?”

“பன்னெண்டா? யாரு சொன்னது தம்பி? மதுர வெயில்ல மூணு நிமிஷம் ரொம்ப ஜாஸ்தி. காத்து பட்டுக் குளுருற எஞ்சின் அது. பன்னெண்டு நிமிஷம் தரையில நிறுத்தி வச்சா வெந்து போகும்ல.”

இவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“அவரு சொல்லலைங்க. நானா எழுதுனேன்” என்று முணுமுணுத்தேன்.

“என்னம்மா சொல்ற? காதுல விழல” என்றார் மெக்கானிக்.

வேறு வழியில்லை. பத்தாம் வகுப்புக்குக் கத்துகிற குரலில், எழுமலைத் தெரு முழுக்கக் கேட்கும்படி, “நீங்க சொல்லல ஐயா, கேக்காமலே நானா எழுதிட்டேன்” என்று கத்தினேன். வேடிக்கை பார்த்த ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

திரும்பி வரும்போது இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். உசிலம்பட்டி தாண்டியபின் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“அன்னைக்கும் ஒருத்தன் பாக்காமத்தான் எழுதுனான்.”

அவ்வளவுதான். என்னை அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. ஒரு விளையாட்டில் ஒரு எண்தானே என்று வழியெல்லாம் எனக்குள் வாதாடிக்கொண்டு வந்தவள், அதன்பின் வாதாடவில்லை. வீட்டுக்கு வந்ததும் இவர், அந்த எண் பொய், கேட்காமல் எழுதப்பட்டது, சரியானது மூன்று நிமிடம் என்று அந்தக் கம்பெனிக்கு எழுதினார். என்னோடு ஆறு நாள் பேசவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தானே சட்டையை எடுத்து அயர்ன் பண்ணினார்.

“நாளைக்கு எழுமலைக்குப் போறேன். மத்த நாப்பத்தொண்ணையும் கேட்டுட்டு வாரேன்.”

“அதெல்லாம் அவரு சொன்னதுதாங்க, சத்தியமா.”

“இருக்கட்டும்.”

“நானும் வரட்டா?”

“வேணாம்.”

மறுநாள் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போனேன். என்னை நம்பாமல்தான் போகிறார் என்று அவமானமாக இருந்தது. கம்பை முதலில் படியில் வைத்து, கம்பியைப் பிடித்து, யாரும் தூக்கிவிடாமல் டவுன் பஸ்ஸில் ஏறினார். பதினான்கு மாதமாக நான் சாமியிடம் கேட்டது அதைத்தான். அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்து, நடுரோட்டில் நின்று மூக்கைச் சிந்தினேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினார். காலெல்லாம் புழுதி. நோட்டை என் மடியில் போட்டார். என் தேர்வுத்தாள் கட்டிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துப் போயிருக்கிறார் என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நாற்பத்தொரு பதிலுக்கும் டிக் போட்டிருந்தார். பன்னிரண்டு நிமிடத்துக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு முட்டை. அதன் கீழே, நான் எழுதுவது போலவே, ‘வழிமுறை எங்கே?’ என்றிருந்தது.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பாஸா?” என்று கேட்டேன்.

“மொதல்ல சோத்தப் போடு. பசி உயிர் போகுது” என்றார்.