இரண்டும் வெள்ளை மருந்து

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் சீசா கொண்டுவர வேண்டும். அப்போது அதுதான் வழக்கம். மருந்து சும்மா கிடைக்கும், ஊற்றிக்கொண்டு போகிற சீசா அவரவருடையது. இல்லாதவர்களுக்கு வாசலில் ஒரு கடை இருந்தது. சாராயம், சோடா, தலைக்கு வைக்கிற எண்ணெய் என்று எது இருந்த சீசாவானாலும் கழுவி அடுக்கி வைத்திருப்பார்கள். குடிக்கிற மருந்துக்கும் அதே சீசாதான், மூட்டில் தேய்க்கிற மருந்துக்கும் அதே சீசாதான். ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் நான் நர்ஸாக வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் இப்படித்தான் நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது?

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற சாக் மிக்சர் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். கற்பூரமும் டர்பன்டைனும் கலந்த தேய்ப்பு மருந்தும் பால் மாதிரி வெள்ளைதான். குடிக்கிற சீசாவில், வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, ஓரத்தை வெட்டிவிட்ட காகிதப் பட்டை ஒன்றைக் கம்பவுண்டர் ஒட்டுவார். தேய்க்கிற சீசாவில் எதுவும் ஒட்டமாட்டார். பட்டை இருந்தால் குடி, இல்லாவிட்டால் தேய். படிக்கத் தெரியாத சனங்களுக்கு அவ்வளவுதான் அடையாளம். ஒட்டுகிற பசையோ வெறும் மைதா மாவுப் பசை. எங்கள் ஊர்த் தூறலில் நனைந்தால் பட்டை தானாகக் கழன்று விழும்.

ஒரு தடவை பேரிகைப் பக்கத்துக் கிழவர் ஒருவர் தேய்ப்பு மருந்தைக் குடித்துவிட்டார். வாந்தி எடுத்துப் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியே சிரித்தது.

"முட்டிக்கு வெளியில தேச்சா லேட்டாவும்னு உள்ளாறயே தேச்சுகினாரு பெருசு" என்றார் கம்பவுண்டர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேய்க்கிற சீசாவின் கழுத்தில் ஒரு துணியாவது கட்டிக் கொடுக்கலாம், கை பட்டாலே தெரியும் என்று சொன்னேன்.

"நர்ஸம்மா, இது ஆஸ்பத்திரியா, முனியப்பன் கோயில் மரமா? துணி கட்டி வேண்டிக்கறதுக்கு?"

டாக்டரிடம் போனேன். வாயால் சொல்லித்தானே கொடுக்கிறோம், அது போதும் என்றார். கிழவர் பிழைத்தது எங்கள் கெட்ட காலம். அதனால்தான் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் தொரப்பள்ளிப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. இடுப்பில் வயிற்றுப்போக்கோடு பெண் குழந்தை. மாமனாருக்கு முழங்கால் வலி, அதற்கும் மருந்து வேண்டும். இரண்டு சீசாக்களை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு, தூறலில் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் அவளும் புருஷனும் குழந்தையையும் மருந்துக் கூடையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். குழந்தைக்கு வலிப்பு. வாயருகே குனிந்தேன். கற்பூர வாடை. டாக்டர் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார், அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். மத்தியானத்துக்குள் குழந்தை போய்விட்டது.

டாக்டர் கேட்டார், "வாடைகூடவா தெரியலை உனக்கு?"

"மருந்துன்னா நாத்தமாத்தான் இருக்கும்னு நெனச்சேனுங்க. பாப்பா குடிக்கல, துப்புச்சி. மூக்கப் புடிச்சிகினு ஊத்தினேன்."

மூக்கைப் பிடித்து ஊற்று என்று அந்தப் பக்கத்துத் தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான். அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. துப்பியிருக்கிறது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன், தலைய ஆட்டினா" என்றார் கம்பவுண்டர். தாய் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் புருஷனிடம் சொன்னார். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"உன் கையாலயே ஊத்திக் கொன்னுட்டியேடி!"

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர்கள் கூடையிலிருந்த இரண்டு சீசாக்களையும் எடுத்து, மூடியைத் திறக்காமல் அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். இரண்டிலும் பட்டை இல்லை.

"எது குடிக்கிறது, எது தேய்க்கிறது? நீ சொல்லுய்யா, பாக்கலாம்!"

மாறி மாறிப் பார்த்தான். சொல்லத் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். டாக்டரிடமும் நீட்டினேன். அவர் வாங்காமல் உள்ளே போய்விட்டார்.

அவளிடம், "உன் தப்பு இல்லம்மா" என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு, "நாந்தானுங்க ஊத்துனேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. பழைய சேலையைக் கிழித்துக் கொண்டுபோய்த் தேய்ப்பு மருந்துச் சீசா ஒவ்வொன்றின் கழுத்திலும் கட்டினேன். பிறகு கம்பவுண்டரே கட்ட ஆரம்பித்தார். நல்லதுதான். ஆனால் ஒரு குழந்தை செத்தால்தான் ஒரு முழத் துணி கிடைக்கும் என்றால் அது என்ன ஆஸ்பத்திரி?

சில வருஷம் கழித்து அவள் மறுபடி வந்தாள். இடுப்பில் ஆண் குழந்தை. அதே வயிற்றுப்போக்கு. சீசாவில் மிக்சரை ஊற்றி, பட்டை ஒட்டி நீட்டினோம். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே ஊத்துங்க நர்ஸம்மா."

தினமும் காலையில் அவ்வளவு தூரம் நடந்து வருவாள். வேளாவேளைக்கு மருந்து நான்தான் ஊற்ற வேண்டும். நடுவில் காம்பவுண்டுப் புளியமரத்தடியில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள். கட்டிவந்த களி உருண்டையைத் தின்பாள். சாயங்கால மருந்து உள்ளே போனதும் கிளம்புவாள். பைத்தியம் என்றார் டாக்டர்.

ஒருநாள் அவள் கையை வலிய இழுத்து, சீசாவின் கழுத்தில் வைத்தேன்.

"பாரு, துணி இல்ல. இது குடிக்கிற மருந்து. இனிமே தப்பே வராது."

"தெரியுதுங்க" என்றாள். கையை எடுத்துக்கொண்டாள். "இருந்தாலும் நீங்களே ஊத்துங்க."

மருந்து ஊற்றிய பாலாடையைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனேன். குழந்தை முகத்தைத் திருப்பித் துப்பியது. பழக்க தோஷம், என் விரல் தானாக அதன் மூக்குக்குப் போயிற்று. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிகிற பிடி.

"மூக்கப் புடிக்காதீங்க."

வெளியே வரிசையில் சனங்கள் முணுமுணுத்தார்கள். கம்பவுண்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் பிடியை விடவில்லை. குழந்தை தானாக வாயைத் திறக்கட்டும் என்று இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.