பெற்றோல் மணம்

2026 மார்ச் 4, புதன். வேலை முடிந்து வரும் வழியில், வழக்கம்போல மில்லிக்கன் சந்தி நிலையத்தில் காருக்குப் பெற்றோல் அடித்தேன். கையில் ஒட்டிய மணம் அப்பாவின் பெரிய அமெரிக்கக் காரை நினைவுபடுத்தியது. அவர் வேலைசெய்த தொழிற்சாலையிலேயே செய்த கார் அது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமா சின்ன ஜப்பான் காரில் வந்து இறங்கியதும், “உது காரோ, தீப்பெட்டியோ?” என்று அப்பா நக்கலடித்தார்.

“அத்தான், உங்கட கார் பெற்றோல் குடிக்குது. இது அதை மணந்துபோட்டே ஓடும்,” என்றார் மாமா.

சனம் மாமாவைப்போலவே சின்னக் கார்களை வாங்கியது. பெரிய கார்கள் விலைப்படாமல் அப்பாவின் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். தூரத்தில் கிடைத்த வேலைக்கு அந்தப் பெரிய காரில் போய்வரக் கட்டுப்படியாகவில்லை. முதல் நாள் மாமாதான் தன் சின்னக் காரில் அப்பாவை ஏற்றிச்சென்றார்.

மாலையில் அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். “நாங்கள் பெரிசாச் செய்தம். சனம் தேடினது அளவானதை,” என்றார்.

மறுநாள் விடிந்ததும் அப்பா முதலில் செய்தது, தன் காரின் கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்று எழுதி ஒட்டியதுதான்.